ஆவிகளுக்கு யார் பொருத்தம் பார்த்தது?

ஆவிக் காதல் கதைகளில் வரும் விதிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. அது நெல்லுச் சூடு மிதிக்கும் காலத்தில் ஒருபோதும் வராது. களத்தில் வைக்கோல் தூசிக்குள் நின்று வீட்டுப் பெண்கள் தும்மிக்கொண்டிருக்கும் நேரத்தில், முற்பிறவிக் காதலன் எந்த வேலியோரத்திலும் வந்து நின்றதாக நான் வாசித்ததில்லை. அதற்கு நிலவு வேண்டும், குளம் வேண்டும், எண்ணெய் வைத்து முழுகி விரித்துவிட்ட நீண்ட கூந்தல் வேண்டும். அந்தக் கூந்தலில் பேன் இருக்கக் கூடாது. இவ்வளவையும் நாம் ஒழுங்கு செய்து கொடுத்தால் விதி வந்து தன் வேலையைப் பார்க்கும்.

இந்தக் கதைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பிறகு பயம் வருகிறது. இரண்டுக்கும் காரணம் என் மகள்.

நாங்கள் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிப் பக்கக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்கள். கணவருக்கு வயற்காணி கிடைத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்தேன். மகள் ஒருத்திதான். அறுபதுகளின் தொடக்கத்தில் அவள் எஸ்.எஸ்.சி. எடுத்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, வீட்டில் இருந்தாள். வயலில் களை, குசினியில் அடுப்பு, மிச்ச நேரத்துக்கு இந்தியாவிலிருந்து வரும் ஒரு வார இதழ். புகையிரத நிலையத்தடிக் கடையில் அது விற்கும். கணவர் உரம் வாங்கப் போனால் கொண்டு வருவார். முதலில் நான் வாசிப்பேன், பிறகு மகள், அதற்குப் பிறகு எங்கள் வாய்க்கால் கரை முழுவதும் வாசிக்கும். திரும்பி வரும்போது அட்டை இருக்காது; மஞ்சள் கறை இருக்கும்.

அந்த வருடம் அதில் ஒரு ஆவித் தொடர்கதை வந்தது. முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு சிற்றரசன், காதலியைத் தேடிப் போகும் வழியில் குளத்தில் மூழ்கிச் சாகிறான். அவன் ஆவி அந்தக் குளத்திலேயே காத்திருக்கிறது. காதலி மறுபிறவி எடுத்து, அதே ஊரில் அழகான பெண்ணாக வளர்கிறாள். அவனும் ஒருநாள் மனித உருவில் வருவான் என்று ஒரு சாமியார் அவளுக்கு அடையாளம் சொல்கிறார். நெற்றியில் தழும்பு இருக்கும். வாசலில் வந்து தண்ணீர் கேட்பான்.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் கதையைச் சொல்ல, கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்.

"முந்நூறு வருசமாத் தண்ணிக்குள்ள கிடந்தவனுக்கு ஒரு தடிமன் கூடப் பிடிக்கேல்லையோ?"

"அப்பா, அவர் ஆவி."

"ஆவி எண்டா வேட்டி நனையாதோ?"

"நீங்கள் பேசாமச் சாப்பிடுங்கோ."

"இல்லைப் பிள்ளை, அந்தக் குளத்தில ஒருத்தரும் மீன் பிடிக்கிறேல்லையோ? ஒருக்காலும் வலையில சிக்கேல்லையோ ஆள்?"

எனக்கு வேறு சந்தேகங்கள் இருந்தன. அந்த விதி சாதி பார்த்தது. சிற்றரசனின் ஆவி மறுபடி பிறந்தால் நல்ல குடும்பத்து டொக்டராகத்தான் பிறக்கும். வயலில் கூலிக்கு நிற்பவனாக ஒரு கதையிலும் பிறந்ததில்லை. அழகில்லாத பெண்ணுக்காக எந்த ஆவியும் ஒரு வாரம் கூடக் காத்திருந்ததில்லை. தவிர, இந்தக் கதைகளில் கதாநாயகிக்குத் தாய் இருக்க மாட்டாள், பிரசவத்திலேயே செத்துப்போயிருப்பாள். தாய் இருந்தால் கதை இரண்டாம் வாரத்திலேயே முடிந்துவிடும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

நான் உயிரோடு இருந்தேன். இருந்தும் எங்கள் வீட்டுக் கதை முடியவில்லை.

வாய்க்கால் பார்க்கப் புதிதாக ஒரு ஓவசியர் வந்திருந்தார். இளம் பிள்ளை. குளக்கட்டடியில் அரசாங்கக் குவாட்டர்ஸில் தங்கியிருந்தார். ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ரீச்சர், கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?" என்று கேட்டார். மகள்தான் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பிக் குசினிக்குள் வந்தவளின் முகத்தைப் பார்த்து, பாம்பு கண்டுவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அம்மா, கண்டனீங்களோ?"

"எதை?"

"நெத்தியில. இடப்பக்கம்."

"பிள்ளை, இந்த வெயிலுக்குள்ள கொலனியில சைக்கிள் ஓடுற எல்லாருந்தான் தண்ணி கேக்கினம். நேற்றுத் தபால்காரரும் கேட்டவர்."

"தபால்காரருக்குத் தழும்பு இல்லையே."

"அவருக்கு மனிசியும் நாலு பிள்ளையளும் இருக்கு. அதுவும் ஒரு அடையாளந்தான்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தழும்பு எப்படி வந்தது என்று அடுத்த முறை அவரிடம் நானே கேட்டுவிட்டேன், விஷயத்தை முடித்துவிடலாம் என்று. சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் தடக்கி விழுந்தது என்றார். கிணறு! தண்ணீர்! மகள் உள்ளே நின்று என்னைப் பார்த்த பார்வையில், நான் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதன் பிறகு எங்கள் வீட்டு முன் வாய்க்கால் அடிக்கடி பழுதாகத் தொடங்கியது. திட்டத்தில் எத்தனையோ வாய்க்கால் இருக்க, ஓவசியர் பார்க்க வேண்டியிருந்தது எங்களுடையதைத்தான். "எங்கட வாய்க்காலுக்கு இவ்வளவு கவனிப்பு கவுண்மேந்து ஒரு நாளும் குடுத்ததில்லை" என்றார் கணவர். எங்களுக்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை. நல்ல உத்தியோகம், அடக்கமான பிள்ளை, குடும்பமும் விசாரித்த அளவில் குறையில்லை. அவருடைய தாயார் ஊரிலிருந்து புகையிரதத்தில் வந்து, எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்து, மகளின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனா. எல்லாம் சாதாரணமாக, எந்த ஆவியின் உதவியும் இல்லாமல், நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

பிறகு இரண்டு பேருடைய சாதகக் குறிப்பையும் சாத்திரியாரிடம் கொண்டுபோனோம்.

கண்டாவளைப் பக்கத்துச் சாத்திரியார் பலகையில் கட்டம் கீறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "பொருத்தம் மட்டு" என்றார். செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை, செய்யலாம் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மகள் கேட்டாள்:

"அம்மா, கதையில வாற விதியெண்டா நீங்களும் அப்பாவும் பகிடி பண்ணுறியள். இவர் கட்டத்தில கீறுற விதியெண்டா வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு வாறியள். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது கதை, பிள்ளை."

"அந்த ஆவிகளுக்கு ஆர் பொருத்தம் பாத்தது? அதுகள் முந்நூறு வருசம் சந்தோசமா இருக்குதுகளே."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. படித்தவள், வகுப்பில் பிள்ளைகளுக்குக் கிரகணம் எப்படி வருகிறது என்று தேசிக்காயும் விளக்கும் வைத்து விளங்கப்படுத்துகிறவள் நான். ஆனாலும் பெற்ற பிள்ளையின் விஷயத்தில் "மட்டு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தச் சொல் சோற்றில் கல்லைப் போலக் கிடந்து கடிபடும். ஓவசியரின் தாயாருக்கும் அதே பயம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். குளத்தடி அம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்பது.

இது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியந்தான். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் சுற்றி நாரால் கட்டி, அம்மனின் காலடியில் வைப்பார்கள். பூசாரியார் கும்பிட்டு வேண்டிக்கொண்டபின், ஒரு சிறு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். வழக்கமாக இரண்டுக்கும் அலரிப் பூத்தான் வைப்பார்கள், வெள்ளை அலரியும் சிவப்பு அலரியும். அந்த வருடம் சோளகக் காற்றில் கோயில் அலரிகள் முறிந்து விழுந்திருந்தன. பூசாரியார் சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளைக்கு ஒரு நந்தியாவட்டையும் சிவப்புக்கு ஒரு செவ்வரத்தையும் பறித்துக் கட்டினார்.

பூசாரியாரின் பேத்திக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. அவள் தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எடுத்த வேகத்தில் வாயில் வைக்கப் பார்த்தாள். பூசாரியார் பறித்து அவிழ்த்தார். செவ்வரத்தை.

ஓவசியரின் தாயார் "அம்மாளாச்சி" என்று கைகூப்பினா. கணவர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளே ஏதோ விழுந்தது போலவும், கூடவே ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. இனி நாங்கள் யோசிக்கத் தேவையில்லை அல்லவா? விதியிடம் பிடித்ததே இதுதான். அது நம்மை யோசிக்கும் வேலையிலிருந்து விட்டுவிடும்.

கோயில் வீதியில், மருதமர நிழலில், மகள் ஓவசியருடன் கதைத்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். தள்ளி நின்றாலும் கேட்டது.

"செவ்வரத்தை பெரிய பூ. நந்தியாவட்டை சின்னன். குழந்தைப்பிள்ளை பெரிய பொட்டலத்தைத்தானே எடுக்கும்?"

"கோயில் வாசலில நிண்டு இப்பிடிக் கதைக்கக் கூடாது."

"நீங்கள் ஓவசியர். அளந்து பாக்கிற உத்தியோகம். நீங்களே சொல்லுங்கோ, ரெண்டு பொட்டலமும் ஒரு அளவோ?"

"அளவு வேற, அம்மன் வேற."

"அப்ப ரெண்டு அலரிப் பூத் தேடிக் கொண்டு வந்து திருப்பிக் கேப்பம்."

"திருப்பிக் கேட்டா அம்மனை நம்பேல்லை எண்டுதானே அர்த்தம்? எங்களுக்கு விதி இல்லையெண்டா நான் என்ன செய்யிறது?"

மகள் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோயில் வீதியில் அன்றைக்கு நின்றவர்களில் புத்தியோடு கதைத்தது, ஆவிக்கதை வாசித்துக் கெட்டுப்போனவள் என்று நாங்கள் நினைத்திருந்த அவள் ஒருத்திதான். அந்த நேரம் எனக்கு அது விளங்கவில்லை. பூசாரியாருக்குக் கேட்டிருக்குமோ என்ற வெட்கத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஓவசியர் மாற்றம் கேட்டு, துணுக்காய்ப் பக்கத்துக் குளம் ஒன்றுக்குப் போய்விட்டார். போகும்போது எங்கள் வாசலில் நிற்கவில்லை. முந்நூறு வருடம் காத்திருக்கும் ஆண்களைப் பற்றி வாசித்து வளர்ந்த என் மகளுக்கு, இன்னொரு பூவைக் கட்டிப் பார்க்கும் நேரம் வரைக்கும் காத்திருக்க முடியாத ஒருவர் கிடைத்தார்.

"போகட்டும் விடு" என்றார் கணவர். "ஒரு பூவுக்குப் பயந்தவன், நாளைக்கு வீட்டுக்க பாம்பு வந்தா உன்னைத்தான் அடிக்கச் சொல்லுவான்."

அவள் அதற்குச் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். அதனால் நான் பயப்படவில்லை. மாரி தொடங்கியது. விதைத்தோம். அவள் வயலுக்கு வந்தாள், சமைத்தாள், தலை வாரி இழுத்தாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. வார இதழ் வந்தால் மற்றப் பக்கங்களைத் தொடமாட்டாள். தொடர்கதையை மட்டும் வாசித்துவிட்டு மூடி வைப்பாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் காலம். முதலில் நான் வாசிக்கும் வழக்கம் அந்த மாதம் விட்டுப்போயிருந்தது.

குளம் நிரம்பி, மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வான் பாயத் தொடங்கிய வாரம் அது. வான் பாய்ந்தால் கிளிநொச்சி முழுவதும் பார்க்கப் போகும். தேர் பார்க்கப் போவது போலக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள், கச்சான் கடலை கூட விற்பார்கள். நான் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. கணவர் வயலில் தண்ணீர் வெட்டிவிட நிற்பார். மகள் வான் பார்க்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். கதிரைச் சட்டத்தில் வார இதழ் கவிழ்த்து வைத்தபடி கிடந்தது. எடுத்தேன். 'முற்றும்' என்று போட்டிருந்தது.

கடைசிப் பக்கத்தில் கதாநாயகி பட்டுப்பாவாடை உடுத்தி, கொலுசு போட்டுக்கொண்டு குளத்துக்குள் இறங்குகிறாள். ஆவி நடுக்குளத்தில் நின்று கை நீட்டுகிறது. தாமரைகள் விலகி வழி விடுகின்றன. நிலவு பார்க்கிறது. விதி அவளை அழைத்துக்கொண்டது என்று எழுதியிருந்தார்கள்.

அழைத்துக்கொண்டதாம்! மாமன் வீட்டுக்கு அழைப்பது போல!

நான் செருப்புப் போட மறந்து ஓடினேன். வாய்க்கால் கரை சேறு. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். எதிரே வான் பார்த்துவிட்டு வந்தவர்கள் "என்ன ரீச்சர், பிந்திப்போச்சோ? வான் ஓடிப்போகாது, மெல்லப் போங்கோ" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

குளக்கட்டில் ஏறினேன். தூரத்தில் வானடியில் சனம் கறுப்பாகத் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. கட்டின் உட்புறம் அலை அரிக்காமல் இருக்கப் பெரிய கற்களை அடுக்கியிருப்பார்கள். அதை அலைகரை என்போம். அந்தக் கற்களில் கையூன்றி, தவழ்வது போல, என் மகள் மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்கை உரிந்திருந்தது.

"என்னடி செய்தனீ?"

என்னைக் கண்டு திடுக்கிட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். பல் அடித்துக்கொண்டது, சிரிப்பும் அடித்துக்கொண்டது.

"ஒண்டுமில்லையம்மா. அதில எழுதியிருக்கிற மாதிரி இறங்கேலுமோ எண்டு பாத்தனான்."

"பாத்து?"

"ஏலாது. கல்லெல்லாம் பாசி, வழுக்குது. கீழ முழுக்கச் சேறு. காலை விட்டா இழுக்குது. செருப்பு ஒண்டு போயிட்டுது. கொலுசுச் சத்தத்தோட இறங்கினாளாம்! அதை எழுதினவர் ஒரு நாளும் ஒரு குளத்தைக் கண்டிருக்க மாட்டார்."

"ஓம்."

"முதலையைப் பற்றி ஒரு வரி இல்லை அம்மா. இவ்வளவு பெரிய குளத்தில ஒரு முதலையும் இல்லையோ? தாமரை விலகி வழி விடுதாம். இஞ்ச சல்வீனியாக் களைதான் காலைச் சுத்துது."

அவள் சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தாமல். ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. வேறொரு நாளாக இருந்தால், எங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான பகிடி அது. நானும் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றபடி அவள் தாவணியைப் பிழிந்தேன். பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. பாவாடை நனைந்திருந்தது. சட்டையும் நனைந்திருந்தது. நெஞ்சளவுக்குச் சேற்றுக் கோடு போட்டிருந்தது. பின்னலின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வழுக்குகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கல்லில் கால் வைத்தால் போதும். சேறு இருக்கிறதா என்று பார்க்க முழங்காலளவு போதும்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வீடு வரும் வரைக்கும் விடவில்லை. வழியில் ஒருவர் "என்ன, பிள்ளை நனைஞ்சுபோனா?" என்று கேட்டார். "வான் பாக்கப் போனவா, சறுக்கிப்போட்டுது" என்றேன். கிணற்றடியில் அவளுக்குத் தலையில் நான்தான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன், சின்ன வயதில் ஊற்றியது போல. அவளும் மறுக்காமல் குந்தியிருந்தாள். நடுவில் ஒரு முறை, "கொஞ்சம் போன பிறகு, திரும்பி வாறதுதான் அம்மா கஷ்டமாக் கிடந்தது" என்றாள். நான் இன்னொரு வாளி அள்ளினேன்.

அதன் பிறகு சாத்திரியார் வீட்டுப் படலையை நான் திறக்கவில்லை. அவளுக்குப் பேசி வருகிறவர்களிடம், "பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறம்" என்று சொல்லப் பழகினேன். சிலர் அதற்கு முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். நான் இப்போதும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படலையடியில் நின்று முதலில் கொடியைப் பார்க்கிறேன், அவள் உடுப்பு ஏதும் ஈரமாகத் தொங்குகிறதா என்று. அவள் வீட்டில் இல்லாத காலத்திலும் பார்க்கிறேன்.

மறு வருடம் பயிற்சிக் கலாசாலையில் அவளுக்கு இடம் கிடைத்தது. புகையிரதத்தில் ஏற்றிவிட்டோம். யன்னலால் தலையை நீட்டி, "அம்மா, அழாதேங்கோ, ஆவியளுக்கு அங்க அனுமதி இல்லையாம், விடுதி அம்மா ஏசுவாவாம்" என்றாள். வண்டி போய் வெகுநேரம் நாங்கள் மேடையிலேயே நின்றோம்.

திரும்பி வரும் வழியில் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார். அவ்வளவு காலமும் கேட்காததை அப்போது கேட்டார்.

"இஞ்சாரும். அண்டைக்கு அவள் எவ்வளவு தூரம் இறங்கினவள்?"

"முழங்காலளவு" என்றேன்.

"ஓமோம். அவ்வளவுதான் இருக்கும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். அந்தச் சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டது நான்; நெஞ்சளவுச் சேற்றுக் கோடு முழுதாகப் போகவில்லை. மறுநாள் எடுத்து மடித்து வைத்தது அவர்தான்.